தீர்ப்புக்குப் பிறகு வழக்குச் செலவு: பேசி முடிப்பதா, நீதிபதியிடம் விடுவதா, மதிப்பீட்டுக்குப் போவதா?

வழக்கில் ஜெயித்துவிட்டால் லாயருக்குக் கொடுத்த காசு முழுவதும் எதிர்த்தரப்பிடமிருந்து திரும்ப வந்துவிடும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். சிங்கப்பூரில் தேக்காவில் கடை நடத்துபவர், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டைப் புதுப்பிக்க முன்பணம் கொடுத்து ஏமாந்தவர், துவாஸில் வேலையிடத்தில் அடிபட்ட தொழிலாளி என்று எல்லாரிடமும் இந்த நம்பிக்கை இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. தோற்றவர் ஜெயித்தவருக்குச் செலவு கொடுக்க வேண்டும் என்பது இங்கே பொது விதி. ஆனால் அந்தச் செலவு எவ்வளவு, யார் முடிவு செய்வார், எப்போது கைக்கு வரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் தீர்ப்பில் பதில் இருக்காது. தீர்ப்பு வந்த பிறகு அதற்கென்று தனியாக ஒரு பேச்சு, சில சமயம் தனியாக ஒரு சண்டையே நடக்கும். அந்த நேரத்தில் எந்த வழியில் போனால் யாருக்கு நல்லது என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

நான் வழக்கறிஞர் அல்ல. வழக்கறிஞர் அலுவலகத்தில் செலவுப் பில்களும் அட்டவணைகளும் தயாரிப்பது என் அன்றாட வேலை. அதனால் இதைக் கணக்குப் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறேன். இங்கே வரும் தொகைகளில் சட்டத்தில் உள்ளவை தவிர மற்றவை எல்லாம் விளக்கத்துக்காக நானே போட்ட உதாரணங்கள்.

ஏன் முழுத் தொகை வராது

2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் நீதிமன்ற விதிகளில் 21ஆம் ஆணை (அதாவது அத்தியாயம்) முழுக்கச் செலவைப் பற்றியது. ஜெயித்தவருக்குச் செலவு என்பதுதான் அதன் தொடக்கம். அதன் பிறகு நீதிபதி எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று வரிசையாக வருகிறது: வழக்கு எவ்வளவு சிக்கலானது, அதற்கு என்ன திறமை தேவைப்பட்டது, எவ்வளவு அவசரம், இரு தரப்பும் எப்படி நடந்துகொண்டார்கள், பேசித் தீர்க்க என்ன முயற்சி எடுத்தார்கள், வழக்கு எந்தக் கட்டத்தில் முடிந்தது, கேட்கும் செலவு வழக்கின் அளவுக்குப் பொருத்தமானதா. இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். 40,000 வெள்ளிக் கடனை வசூலிக்க 70,000 வெள்ளி செலவு செய்தவர், ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது வைத்திருந்தாலும் அதை முழுசாகத் திரும்பப் பெற முடியாது.

அடுத்தது எந்த அடிப்படையில் கணக்கிடுகிறார்கள் என்பது. இரண்டு இருக்கின்றன. வழக்கமான அடிப்படையில் நியாயமாகச் செய்த செலவு மட்டும் கிடைக்கும். ஒரு செலவு நியாயமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அந்தச் சந்தேகத்தின் பலன் கொடுப்பவருக்கு. முழு ஈட்டு அடிப்படையில் நியாயமற்றது என்று தெரிவதைத் தவிர மற்றவை கிடைக்கும், சந்தேகத்தின் பலன் வாங்குபவருக்கு. கேட்க ஒன்றுபோலத்தான் இருக்கும். பில்லில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். விசாரணைக்கு இரண்டு வழக்கறிஞர்கள் போயிருக்கிறார்கள், இரண்டாவது ஆள் தேவையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அடிப்படையில் அந்த வரி அடிபடும், இரண்டாவதில் நிற்கும். பத்துப் பதினைந்து வரிகளில் இப்படி நடந்தால் கடைசித் தொகை எங்கேயோ போய்விடும். சாதாரணமாகக் கிடைப்பது வழக்கமான அடிப்படைதான். மற்றதற்கு எதிர்த்தரப்பு மோசமாக நடந்திருக்க வேண்டும், அல்லது பின்னால் சொல்லப்போகும் சமரச முன்மொழிவு கையில் இருக்க வேண்டும்.

உங்கள் லாயரின் பில் என்பது உங்களுக்கும் அவருக்கும் உள்ள ஒப்பந்தப்படி வருவது. எதிர்த்தரப்பு கொடுப்பது நீதிமன்றம் நியாயம் என்று கருதும் தொகை. இரண்டும் வேறு வேறு கணக்கு. லாயர் பில் 48,000 வெள்ளி, கிடைத்த செலவு 28,000 வெள்ளி என்றால் மீதி 20,000 உங்கள் பையிலிருந்துதான். இதை வழக்கு தொடங்கும்போதே வாடிக்கையாளரிடம் உடைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தீர்ப்பு வந்த மகிழ்ச்சியில் இருப்பவரிடம் இந்தக் கணக்கைக் கொண்டுபோய் வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

மூன்று வழிகள்

தீர்ப்பு வந்தாயிற்று, செலவு உங்களுக்கு என்று உத்தரவும் ஆயிற்று. இனி தொகைக்கு மூன்று வழிகள்.

முதல் வழி, இரண்டு தரப்பு வழக்கறிஞர்களும் பேசி ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்வது. ஒரு பக்கம் 35,000 கேட்கும், மறுபக்கம் 20,000 என்று சொல்லும், நாலைந்து கடிதங்களில் 27,000க்கு வந்து நிற்கும். நீதிமன்றத்துக்குத் தனியாகப் போக வேண்டியதில்லை, கூடுதல் செலவும் இல்லை. எல்லாவற்றையும்விட, ஒத்துக்கொண்டு கொடுக்கும் தொகை சீக்கிரம் வருகிறது. 14 நாளில் காசோலை என்று எழுதி வாங்கிவிடலாம். உத்தரவாக வரும் தொகைக்கு அந்த உறுதி கிடையாது.

இந்த வழியில் பலவீனமும் உண்டு. எதிர்த்தரப்புக்கு அவசரமே இல்லை என்றால் பேச்சு இழுத்துக்கொண்டே போகும். அதனால் கடிதத்திலேயே ஒரு தேதியைப் போட்டு, அதற்குள் முடியாவிட்டால் நீதிமன்றத்திடம் விடுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். அந்தக் கடிதத்தை, செலவு பற்றிய கேள்வி வரும்போது மட்டும் நீதிபதியிடம் காட்டலாம் என்ற குறிப்போடு எழுதுவது வழக்கம். பின்னால் நீதிபதி 26,000 என்று நிர்ணயித்து, நீங்கள் அன்றைக்கே 25,000க்குச் சம்மதித்திருந்தது தெரிந்தால், வீணாக இழுத்தது யார் என்பது கடிதத்திலேயே இருக்கும்.

இரண்டாவது வழி, தீர்ப்புச் சொன்ன நீதிபதியே தொகையை நிர்ணயிப்பது. இப்போது பெரும்பாலான வழக்குகள் இப்படித்தான் முடிகின்றன. இரண்டு தரப்பும் சில பக்கங்களில் வாதத்தை எழுதிக் கொடுப்பார்கள், கூடவே ஒரு செலவு அட்டவணை இருக்கும். உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கு நடைமுறைக் குறிப்புகளின் ஜி பின்னிணைப்பில், எந்த வகை வழக்குக்கு எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று வீச்சுகள் தரப்பட்டிருக்கின்றன. விசாரணைக்கு முன்பு இவ்வளவு, விசாரணை நாள் ஒன்றுக்கு இவ்வளவு, அதன் பிறகு இவ்வளவு என்று இருக்கும். அது வழிகாட்டிதான், நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வாதம் அங்கிருந்துதான் தொடங்கும். ‘எங்கள் செலவு இவ்வளவு’ என்று மட்டும் எழுதுவதைவிட, ‘வீச்சின் மேற்பகுதியை ஏன் கேட்கிறோம் என்றால் சாட்சிகள் ஒன்பது பேர், ஆவணங்கள் பதினொரு கோப்பு’ என்று எழுதும் அட்டவணைக்குத்தான் பலம் அதிகம்.

இந்த வழியின் பெரிய நன்மை, வழக்கை முழுக்கக் கேட்ட ஆளே முடிவு செய்கிறார் என்பது. யார் ஆவணத்தை மறைத்தார், யார் நாள் தள்ளிக்கொண்டே போனார், எந்த வாதம் நேரத்தை வீணடித்தது என்று அவருக்குத் தெரியும். நல்ல முறையில் வழக்கு நடத்தியவருக்கு இது சாதகம். ஜெயித்தும் ஒரு பெரிய வாதத்தில் தோற்றவருக்கு இதே விஷயம் பாதகம். மூன்று நாள் விசாரணையில் ஒன்றரை நாளைத் தின்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றால், ஜெயித்தவர் என்றும் பாராமல் செலவைக் குறைக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. மிக மோசமாக நடந்திருந்தால் ஜெயித்தவரையே செலவு கொடுக்கச் சொல்லலாம்.

அட்டவணை தயாரிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது. வழக்கு நடந்த ஒன்றிரண்டு வருடங்களில் இடையிடையே வந்த சின்னச் சின்ன மனுக்களின் உத்தரவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்க வேண்டும். சிலவற்றில் அங்கேயே தொகை சொல்லியிருப்பார்கள். சிலவற்றில் ‘செலவு வழக்கின் முடிவோடு’ என்று இருக்கும், அது கடைசியில் ஜெயித்தவருக்குப் போகும். சிலவற்றில் ‘செலவு ஒதுக்கிவைக்கப்படுகிறது’ என்று ஒரே வரி இருக்கும். பிறகு யாராவது நினைவுபடுத்தினால்தான் அதற்கு உயிர் வரும். நான்கு பக்க உத்தரவின் கடைசி வரியில் கிடக்கும் அந்தச் சில ஆயிரம் வெள்ளியை யாரும் கேட்காமலேயே கோப்பு மூடப்பட்டுவிடலாம்.

மூன்றாவது வழி, செலவுத் தொகையை வரி வரியாகப் பார்த்து முடிவு செய்ய நீதிமன்றப் பதிவாளரிடம் மதிப்பீட்டுக்குப் போவது. பழைய விதிகளில் இதற்கு டாக்சேஷன் என்று பெயர், இன்றும் அலுவலகங்களில் அந்தச் சொல் புழங்குகிறது. இதற்கு முறையான பில் தாக்கல் செய்ய வேண்டும். முதல் பகுதியில் வழக்குக்காகச் செய்த வேலை, இரண்டாம் பகுதியில் இந்த மதிப்பீட்டுக்காகவே செய்த வேலை, மூன்றாம் பகுதியில் கைச்செலவுகள். எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும், பதிவாளர் முன் விசாரணை நடக்கும், முடிவில் திருப்தி இல்லை என்றால் நீதிபதியிடம் மறுபரிசீலனை கேட்கலாம். மாதங்கள் ஓடும், தனி நீதிமன்றக் கட்டணமும் உண்டு. பெரிய தொகை, நிறைய நிபுணர் சாட்சிகள், கைச்செலவே லட்சக்கணக்கில் என்றால் இது அர்த்தமுள்ள வழி. மாவட்ட நீதிமன்றத்தில் இரண்டு நாளில் முடிந்த வழக்குக்கு இதைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் வீண்.

என் தீர்மானம் இது: இரு தரப்பு எண்களுக்கும் உள்ள இடைவெளி, அந்த இடைவெளிக்காகச் சண்டை போட ஆகும் செலவைவிடக் கணிசமாகப் பெரிதாக இல்லாவிட்டால் பேசி முடியுங்கள். பேச்சு நகரவில்லை என்றால் நீதிபதியிடம் விடுங்கள். மதிப்பீடு என்பது தொகையும் சிக்கலும் உண்மையிலேயே கேட்கும்போது மட்டும்.

கைச்செலவு பற்றிக் கொஞ்சம். மருத்துவ அறிக்கைக் கட்டணம், தாக்கல் கட்டணம், நகல் எடுத்தது, மொழிபெயர்ப்பு எல்லாம் இதில் அடங்கும். நம் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பு முக்கியமான ஒன்று. நீதிமன்ற மொழி ஆங்கிலம் என்பதால், தமிழில் எழுதிய கைமாற்றுச் சீட்டோ கடைக் கணக்கு நோட்டோ சான்றளித்த மொழிபெயர்ப்போடுதான் போக வேண்டும். அதற்குக் கொடுத்த காசை ரசீதோடு கேட்கலாம், ரசீது இல்லை என்றால் அந்த வரியை நியாயப்படுத்துவது கஷ்டம். இன்னொன்று ஜிஎஸ்டி. 2024 ஜனவரி 1 முதல் அது 9 விழுக்காடு. செலவு வாங்கும் தரப்பு ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த நிறுவனமாக இருந்து அந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும் என்றால், அதையே எதிர்த்தரப்பிடமும் கேட்க முடியாது. தனிநபர் கேட்கலாம்.

உண்மையான முடிவு தீர்ப்புக்கு முன்பே எடுக்கப்படுகிறது

மேலே சொன்ன மூன்று வழிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் சில ஆயிரம் வெள்ளிதான். செலவுக் கணக்கைத் தலைகீழாக மாற்றக்கூடியது வேறொன்று: வழக்கு நடக்கும்போது முறைப்படி கொடுத்த, அல்லது வாங்கிவிட்டுப் புறக்கணித்த சமரச முன்மொழிவு.

மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வணிகர் 180,000 வெள்ளி கேட்டு வழக்குப் போடுகிறார். ஆறாவது மாதத்தில் எதிர்த்தரப்பு விதிகளில் உள்ள படிவத்தில் 110,000 தருகிறோம் என்று முன்மொழிகிறது, அதைத் திரும்பப் பெறாமல் அப்படியே வைத்திருக்கிறது. வணிகருக்குக் கோபம், மறுக்கிறார். ஒரு வருடம் கழித்து 95,000க்குத் தீர்ப்பு வருகிறது. ஜெயித்தது வணிகர்தான். ஆனால் முன்மொழிவு வந்த நாள் வரைக்கும்தான் அவருக்கு வழக்கமான அடிப்படையில் செலவு கிடைக்கும். அந்த நாளுக்குப் பிறகு ஆன செலவை, விசாரணைச் செலவு உட்பட, அவர் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டிவரும், அதுவும் முழு ஈட்டு அடிப்படையில். விசாரணைதான் வழக்கிலேயே செலவு மிகுந்த கட்டம். ஆகக் கையில் மிஞ்சுவது 95,000இல் பாதியாகக்கூட இருக்கலாம்.

இதே வசதி வாதிக்கும் உண்டு. அவரே 90,000க்குச் சம்மதம் என்று முன்மொழிந்து, எதிர்த்தரப்பு மறுத்து, பிறகு 95,000 கிடைத்தால், முன்மொழிந்த நாளிலிருந்து அவருக்கு முழு ஈட்டு அடிப்படையில் செலவு. நீதிபதிக்கு இதிலிருந்து விலகிப் போகும் அதிகாரம் இருக்கிறது, ஆனால் விதியின் சாய்வு இந்தப் பக்கம்தான். நியாயமான ஒரு தொகையைத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுப்பதைத் தோல்வியாக நினைப்பவர்கள் நம்மிடையே அதிகம். ‘நாமே இறங்கிப் போனால் பயந்துவிட்டோம் என்று நினைப்பான்’ என்ற பேச்சை நான் அடிக்கடி கேட்கிறேன். அந்த முன்மொழிவு, வழக்கு முடிந்து நியாயம் அநியாயம் தீர்மானமாகும்வரை நீதிபதி கண்ணில் படாது. செலவு என்று வரும்போதுதான் வெளியே வரும், அப்போது அது கொடுத்தவருக்குத்தான் ஆயுதம்.

சமரசப் பேச்சுக்கு வர மறுப்பதும் இதே கணக்கில் சேரும். அதே நீதிமன்ற விதிகளின் 5ஆம் ஆணைப்படி வழக்குக்கு முன்பும் வழக்கின்போதும் பேசித் தீர்க்க முடியுமா என்று பார்ப்பது இரு தரப்பின் கடமை. முடியாது என்று சொல்பவரை, ஏன் என்று எழுதி மூடி முத்திரையிட்டுத் தரும்படி நீதிமன்றம் கேட்கலாம். வழக்கின் மீது முடிவு வந்த பிறகு அந்த உறையைத் திறந்து, செலவை முடிவு செய்யும்போது பார்ப்பார்கள். ‘அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை’ என்பதை அதில் காரணமாக எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இழப்பீடு இன்னும் முடிவாகவில்லை என்றால்: இடைக்காலத் தொகை

காய வழக்குகளில் பெரும்பாலும் இரண்டு கட்டங்கள். முதலில் தவறு யாருடையது என்பது முடிவாகும். ‘80 விழுக்காடு பிரதிவாதியின் பொறுப்பு, இழப்பீடு பின்னர் மதிப்பிடப்படும், செலவும் வட்டியும் மதிப்பிடும் பதிவாளருக்கு ஒதுக்கப்படுகின்றன’ என்று ஒரு தீர்ப்பு வரும். இரண்டாம் கட்டத்தில்தான் எவ்வளவு என்பது. இடையில் அறுவை சிகிச்சை, மறு அறிக்கை, எதிர்த்தரப்பு மருத்துவரின் பரிசோதனை என்று மாதக்கணக்கில் ஓடும். அந்தக் காலத்தில் காயம்பட்டவருக்குச் சோறு எங்கிருந்து வரும்?

இதற்காகத்தான் இடைக்காலத் தொகை கேட்கும் வழி இருக்கிறது. எதிர்த்தரப்பு பொறுப்பை ஒத்துக்கொண்டிருந்தாலோ, இழப்பீடு பின்னர் மதிப்பிடப்படும் என்று தீர்ப்பு வந்துவிட்டாலோ, விசாரணைக்குப் போனாலும் வாதிக்குக் கணிசமான இழப்பீடு கிடைக்கும் என்று நீதிமன்றம் திருப்தி அடைந்தாலோ, கடைசித் தொகையில் நியாயமான ஒரு பங்கை முன்கூட்டியே கொடுக்கச் சொல்லலாம். மருத்துவமனை பில், சம்பளச் சீட்டு, மருத்துவ அறிக்கை இவற்றை வைத்து, எந்தச் சந்தேகமும் இல்லாத குறைந்தபட்சத் தொகை எவ்வளவு என்று காட்ட வேண்டும். கடைசியில் குறைவாகத் தீர்ப்பானால் அதிகப்படியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். அதனால் பேராசைப்பட்டுக் கேட்பதில் லாபம் இல்லை.

இங்கே மூன்று தேர்வுகள்: இடைக்காலத் தொகைக்கு மனுப் போடுவது, எதுவும் கேட்காமல் இழப்பீடு மதிப்பிடப்படும் வரை காத்திருப்பது, மொத்தத் தொகைக்கு இப்போதே முடித்துக்கொள்வது. வேலையும் சம்பளமும் உள்ளவர் காத்திருக்கலாம். ஆனால் ஸ்பெஷல் பாஸில் (தற்காலிகமாகத் தங்கும் அனுமதியில்) விடுதியில் தங்கி, பெரும்பாலும் வேலை செய்ய அனுமதி இல்லாமல், ஊரில் வட்டிக்கு வாங்கிய ஏஜென்ட் கடனோடு இருக்கும் தொழிலாளியால் காத்திருக்க முடியாது. எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அது தெரியும். அவசரத்தில் இருப்பவர் குறைந்த தொகைக்குக் கையெழுத்துப் போடுவார் என்பது அவர்கள் கணக்கு. அப்படிப்பட்டவருக்கு நான் தயங்காமல் சொல்வது, மொத்தமாக முடிக்கும் பேச்சுக்கு முன்னால் இடைக்காலத் தொகையைக் கேளுங்கள் என்பதுதான். வழக்கறிஞர் ஒரு கடிதம் எழுதினாலே, மனுப் போடும் செலவைத் தவிர்க்க எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஐந்தாயிரமோ பத்தாயிரமோ கையில் வந்தால் பேரம் பேசும் நிலையே மாறிவிடும்.

மொத்தமாக முடிப்பதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது, அலுவலகங்களில் ‘ஆல்-இன்’ என்று சொல்வார்கள். 60,000 வெள்ளி ஆல்-இன் என்றால் இழப்பீடு, வட்டி, வழக்குச் செலவு, கைச்செலவு எல்லாம் அதற்குள். மறுபக்கம் 50,000 வெள்ளி, செலவும் கைச்செலவும் தனி என்று ஒரு முன்மொழிவு. பார்த்தவுடன் 60,000தான் பெரிதாகத் தெரியும். உங்கள் லாயர் பில் 14,000, கைச்செலவு 3,000 என்று வைப்போம். ஆல்-இன்னில் 17,000 போக 43,000 கையில். இரண்டாவதில் எதிர்த்தரப்பு செலவுக்காக 9,500, கைச்செலவு 3,000 என்று தனியாகக் கொடுத்தால் வருவது 62,500, அதில் 17,000 போக 45,500 கையில். தொழிலாளியிடம் எவ்வளவு என்று கேட்டுச் சம்மதம் வாங்கும்போது, மேலே உள்ள எண்ணைச் சொல்லாமல் கைக்கு வரும் எண்ணைத் தமிழில் எழுதிக் காட்ட வேண்டும். இதைச் செய்யாத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வேலையிட விபத்து என்றால் வழக்குக்கு முன்னாலேயே இன்னொரு தேர்வும் இருக்கிறது. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் மனிதவள அமைச்சு வழியாகக் கேட்டால் யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. வழக்கில் இடைக்காலத் தொகைக்குப் போராட வேண்டியவருக்கு, இங்கே மருத்துவ விடுப்புச் சம்பளம் நடுவிலேயே வந்துகொண்டிருக்கும்: வெளிநோயாளி விடுப்புக்கு 14 நாள், மருத்துவமனை விடுப்புக்கு 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்குமேல் விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் தொகைக்கு உச்சவரம்பு உண்டு, வலிக்கும் வேதனைக்கும் தனி இழப்பீடு கிடையாது. வழக்கில் வரம்பு இல்லை, தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் உங்கள் தலையில். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. அமைச்சு வழிக்கு விபத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் கோரிக்கை வைக்க வேண்டும், வழக்குக்கு மூன்று வருடம். தவறு முதலாளியுடையது என்பதற்குச் சாட்சி வலுவாக இல்லை என்றால் அமைச்சு வழியே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

இங்கிலாந்து நடைமுறையைப் படித்துவிட்டு, செலவுக்கும் இப்படி முன்தொகை கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே செலவை விரிவான மதிப்பீட்டுக்கு அனுப்பும்போது, வேண்டாம் என்பதற்குத் தகுந்த காரணம் இல்லாவிட்டால் நியாயமான ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுக்கச் சொல்ல வேண்டும் என்று விதியே இருக்கிறது. இங்கே நீதிபதியே நேராகத் தொகையைச் சொல்லிவிடுவதால் பெரும்பாலான வழக்குகளில் அந்தத் தேவை எழுவதில்லை.

எந்த நீதிமன்றம் என்பதும் செலவுதான்

மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 60,000 வெள்ளி வரை, மாவட்ட நீதிமன்றம் 250,000 வரை, சாலை விபத்து, வேலையிட விபத்துக் காய வழக்குகளில் 500,000 வரை. கீழே போட்டிருக்க வேண்டிய வழக்கை மேலே போட்டால், ஜெயித்தாலும் கீழ் நீதிமன்ற அளவுக்குத்தான் செலவு கிடைக்கும். 20,000 வரையிலான, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரையிலான சிறு கோரிக்கைகளுக்கு அதற்கான நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது, ஆகவே இந்தச் செலவுத் தலைவலியும் கிட்டத்தட்ட இல்லை. புதுப்பிப்புப் பணியில் ஏமாந்த 18,000 வெள்ளிக்கு லாயரைத் தேடி ஓடுவதற்கு முன் அங்கே போங்கள், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள்.

வழக்கறிஞர் இல்லாமல் தானே வாதாடி ஜெயித்தவருக்கும் செலவிட்ட நேரத்துக்கும் கைக்காசுக்கும் ஈடாக ஒரு தொகை கிடைக்கும். வருமானம் குறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சட்ட அமைச்சின் சட்ட உதவிப் பிரிவை நாடலாம். ‘ஜெயித்தால் கிடைப்பதில் இத்தனை விழுக்காடு எனக்கு’ என்று எந்த லாயராவது சொன்னால் விலகி வந்துவிடுங்கள். இழப்பீட்டில் பங்கு கேட்பது இங்கே தடை செய்யப்பட்டது. 2022 மே முதல் அனுமதிக்கப்பட்ட, வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் மாறும் நிபந்தனைக் கட்டண ஒப்பந்தங்களும் ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே தனி நடுவர் முன் நடப்பது) போன்ற சில வகை வழக்குகளுக்கு மட்டும்தான், அங்கேயும் விழுக்காட்டுப் பங்கு கிடையாது.

உத்தரவு கையில், காசு எங்கே?

தீர்ப்புத் தொகைக்கு வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஆண்டுக்கு 5.33 விழுக்காடு வட்டி ஓடும். எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்துவிட்டது என்பதற்காக மட்டும் கொடுப்பதை நிறுத்த முடியாது. நீதிமன்றத்திடம் தனியாகத் தடை உத்தரவு வாங்கியிருக்க வேண்டும். ‘அப்பீல் போட்டிருக்கிறோம், பிறகு பார்க்கலாம்’ என்ற கடிதம் வந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் தடை உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கொடுக்கவே இல்லை என்றால் அமலாக்க உத்தரவு வாங்கி, சொத்தைப் பறிமுதல் செய்யலாம், வங்கிக் கணக்கில் உள்ள பணத்தைப் பிடிக்கலாம். கடன் 15,000 வெள்ளியைத் தொட்டுவிட்டால் தனிநபர்மீது நொடிப்பு (திவால்) வழக்கும், அதைத் தாண்டிவிட்டால் நிறுவனத்தின்மீது கலைப்பு வழக்கும் போடும் வழி திறக்கும். ஒவ்வொன்றுக்கும் மறுபடி செலவு. எதிர்த்தரப்பு பெயருக்கு மட்டும் இருக்கும் சின்ன பிரைவேட் லிமிடெட் நிறுவனம் என்றால், 27,000 உத்தரவைவிட இந்த வாரம் வரும் 22,000 காசோலை மேல்.

உங்கள் சொந்த லாயர் பில்

எதிர்த்தரப்பு விஷயம் முடிந்த பிறகும் ஒரு கணக்கு மிச்சம் இருக்கிறது. உங்கள் வழக்கறிஞரின் இறுதி பில் அதிகம் என்று தோன்றினால், கொடுத்துவிட்டு ஊரெல்லாம் புலம்புவதற்கும், கொடுக்காமல் ஒளிந்துகொள்வதற்கும் நடுவில் முறையான வழி உண்டு. முதலில் எந்தத் தேதியில் யார் எத்தனை மணி நேரம் என்ன வேலை செய்தார் என்ற விவரத்தை எழுத்தில் கேளுங்கள். தொடக்கத்தில் கையெழுத்துப் போட்ட கட்டணக் கடிதத்தை எடுத்து, அதில் உள்ள மணிக்கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். எதிர்த்தரப்பு கொடுத்த செலவு உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் பெரும்பாலான குழப்பங்கள் இந்த மூன்றில் தீர்ந்துவிடும், பேசினால் குறைக்கவும் செய்வார்கள்.

அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் உங்கள் லாயர் பில்லையே நீதிமன்ற மதிப்பீட்டுக்கு அனுப்பும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. பில் கையில் கிடைத்த 12 மாதத்துக்குள் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு, அல்லது பில்லைக் கட்டி முடித்த பிறகு, தனிச் சிறப்பான காரணம் காட்டினால்தான் நீதிமன்றம் கேட்கும். ஆகவே ஆட்சேபம் இருந்தால் முழுத் தொகையையும் கட்டுவதற்கு முன்பே அதை எழுத்தில் கொடுங்கள், பில் வந்த தேதியை உறையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.